கேயலோஹாவின் கை

ஜேசுரட்ணம் முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில், பான் நகருக்குத் தெற்கே, ரைன் நதியைப் பார்த்து நின்ற பழைய மூன்று மாடி வீடு. 1986 நவம்பர். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமலே அவருக்கு மூன்றாவது குளிர்காலம் தொடங்கியிருந்தது. சொந்தமாக வேலை தேட அனுமதி இல்லை. சோசியலாம்ட் என்ற சமூகநல அலுவலகம் அனுப்பும் பொதுவேலைக்கு மட்டும் போகலாம். ஆங்கிலம் தெரியும் என்பதால், இந்த முறை ஒரு வீட்டில் கிடந்த பழைய ஆங்கிலக் காகிதங்களைப் பிரித்துப் பெட்டிகளில் அடுக்க அனுப்பினார்கள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரி ஃபிராவ் ஹெல்விக்குக்கு எண்பது வயதிருக்கும்.

"என் தாத்தா ஹவாயில் டாக்டராக இருந்தவர்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "ராஜா ஆண்ட காலம். அரசாங்க டாக்டர். எல்லாம் இந்த அறைக்குள்தான் இருக்கிறது."

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீங்கள் உள்ளே வரவில்லையா?"

"குளிர்," என்றாள்.

அறைக்குள் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் தன் ஆங்கிலேய மனைவிக்கு எழுதிய கடிதங்கள், விருந்துக்கு வந்தவர்களின் குறிப்புகள், பஞ்சில் சுற்றிய சிப்பிகள். அடியில், டாக்டர் குறிப்பெழுதிய பதினொரு கறுப்புக் கொப்பிகள். அந்தத் தீவுகளில் அப்போது குட்டநோய் கண்டவர்களைக் கப்பலேற்றித் தனியான ஒரு குடியிருப்புக்கு அனுப்பினார்கள். போனவர்கள் திரும்புவதில்லை. யாரை அனுப்புவது என்று பார்த்துச் சொன்னவர்களில் டாக்டர் ஹெல்விக்கும் ஒருவர். கொப்பி முழுக்கப் பெயர், வயது, அறிகுறி. கடைசியில் ஒரு சொல்: 'விடு' அல்லது 'அனுப்பு'.

ஜேசுரட்ணத்துக்கு அதை வாசிப்பது கஷ்டமாக இல்லை. மட்டக்களப்பு மாந்தீவில், குட்டநோயாளருக்கான ஆஸ்பத்திரியில், ஒன்பது வருடம் அப்போதிக்கரியாக, டாக்டருக்கு அடுத்த நிலையில், நோயாளிகளைப் பார்த்தவர் அவர்.

நான்காம் நாள் பின்னேரம், அறைக்கு வெளியே நடைபாதையில் சத்தம் கேட்டது. ஒரு இருமல். மர வாங்கில் யாரோ அசைந்து உட்கார்ந்தார்கள். பிறகு இன்னொருவர். நெடுநேரம் காத்திருந்து, பேச்சும் ஓய்ந்துபோனவர்களின் சத்தம் அது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்தார்.

யாரும் இல்லை.

சுவரோரம் கிடந்த வாங்கில் கையை வைத்தார். பலகை சூடாக இருந்தது.

அகதி முகாமுக்குத் திரும்பியதும் அறைத்தோழன் ஸ்ரீதரனிடம் சொன்னார்.

"அந்த வீட்டில ஆக்கள் இருக்கினம்."

"ஆர் அண்ணை?"

"தெரியேல்ல. காத்துக்கொண்டு இருக்கினம்."

ஸ்ரீதரன் தேநீரை அவர் பக்கம் தள்ளினான். "நீங்கள் நித்திரை கொள்ளுறேல்ல, அதுதான். நாளைக்குப் போகாதேங்கோ. ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"சொன்னால் என்ர ஃபைலில எழுதுவாங்கள். போறன்."

மறுநாள், ஏழாவது கொப்பியில் அந்தப் பதிவு இருந்தது. 1884 மார்ச். *கேயலோஹா, பெண், 26. வலது முன்கையில் வெளிறிய படை. உணர்ச்சி இருக்கலாம். மறுபடி பார்க்க வேண்டும். கப்பல் நான்கு மணிக்கு.* அதன் கீழே, அவசர எழுத்தில்: *அனுப்பு.* குட்டநோய்ப் படையில் தொட்டால் உணர்ச்சி இருக்காது; அதைத்தான் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை.

அன்றைய தேதியிட்ட கடிதமும் கிடைத்தது. *இன்று நாற்பத்தொரு பேரைப் பார்த்தேன். கடைசிப் பெண் கையை நீட்டியபடியே நின்றாள். எனக்குக் கதிரையை விட்டு எழும்பத் தெம்பில்லை.*

அந்தக் களைப்பை ஜேசுரட்ணம் அறிவார். அதனாலேயே அவருக்குக் கோபப்படவும் முடியவில்லை.

ஈர இலையும் உப்பும் கலந்த வாசனை அறைக்குள் வந்தது. அதற்கடியில் இன்னொரு நாற்றம், புண்ணுக்குக் கட்டிய பழந்துணியின் நாற்றம்.

எதிரே இருந்த கதிரை முனகியது.

மேசைத் தூசியில் ஈரம் படர்ந்தது. மெல்ல, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை. யாரோ கையை நீட்டி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்திருந்தார்கள்.

ஓடவேண்டும் என்று நினைத்தார். ஆனால் நீட்டிய கையை விட்டு எழும்பவில்லை.

"என்னட்டை என்னத்துக்கு வந்தனீங்கள், தங்கச்சி?" என்றார் தாழ்ந்த குரலில்.

கை அப்படியே கிடந்தது.

சிப்பியைச் சுற்றியிருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்துத் திரித்தார். "கண்ணை மூடுங்கோ. தொடுறது தெரிஞ்சால் தட்டுங்கோ."

மணிக்கட்டு இருக்கவேண்டிய இடத்துக்குத் திரியைக் கொண்டுபோனார். வெறும் காற்றில் அது எதிலோ பட்டு வளைந்தது.

மேசையில் ஒரு தட்டு.

முழங்கைக்குக் கிட்ட. இன்னொரு தட்டு.

படை இருக்கவேண்டிய நடுப்பகுதியில் தொட்டார். மூச்சை அடக்கிக் காத்திருந்தார். அடுப்பில் கட்டையொன்று சரிந்தது.

தட்டு.

"உங்களுக்கு அந்தக் குட்டநோய் வருத்தம் இல்லை," என்றார். "நீங்கள் வீட்டை போகலாம்."

பேனாவை எடுத்து 'அனுப்பு' என்ற சொல்லை அடித்தார். பக்கத்தில் 'விடு' என்று எழுதித் தன் பெயரையும் போட்டார். ஈரம் விரல்நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. வெறுங்காலடிச் சத்தம் அறையைக் கடந்து, நடைபாதை வழியே தூரமாகிப் போயிற்று.

அவர் மேசையில் தலையைச் சாய்த்தார். மூன்று வருடமாக வராத நித்திரை கண்ணை அழுத்தியது.

அப்போது வெளியே வாங்கு கிறீச்சிட்டது. ஒருவர் நகர, அடுத்தவர் நகர, அதற்கடுத்தவரும் நகர்ந்தார். வரிசை முழுவதும் ஓர் இடம் முன்னால் வந்தது.

சாத்தியிருந்த கதவு திறந்தது.

ஜேசுரட்ணம் தலையைத் தூக்கினார். கதிரை இந்த முறை முனகவில்லை. அதில் ஏறி உட்கார வந்தவருக்கு உயரம் போதவில்லை. மேசையின் விளிம்பில், எட்டிப் பிடித்தபடி, ஐந்து சின்னஞ்சிறு விரல்களின் ஈரம் மட்டும் தெரிந்தது.