பின்சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்தது

ரேஸ் முடிந்து ஒரு ராத்திரி முழுக்கக் கழிந்திருந்தது. ஷெட்டின் சிமெண்டுத் தரை கால் கூசுகிற அளவுக்குச் சில்லிட்டுக் கிடந்தது. ஆனால் காரின் பின்சக்கரத்துக்கு மேலே, வெள்ளைப் பெயிண்டில் அப்பியிருந்த டயர் ரப்பர் மட்டும் இன்னும் சூடாக இருந்தது.

தங்கை விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். ஜன்னல் வெயில் பட்டிருக்கும், வேறென்ன.

அண்ணன் ஓட்டுவான், அவள் துடைப்பாள். ஆறு வருஷமாக இதுதான் ஏற்பாடு. புறப்படும் கோட்டில் நின்றபடி டயரைச் சுழற்றிச் சூடேற்றும்போது, புகையோடு புகையாக உருகித் தெறிக்கும் ரப்பர் கறுத்த புழுக்களைப் போலப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அதன்மேல் ஒத்திவைத்து, ஊறவிட்டு, பெயிண்டில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் சுரண்டியால் நெம்பி எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டுப்போகும்.

நேற்று முதலிடம் பிடித்தும் அண்ணன் வாய் திறக்கவில்லை. கோப்பையைக் காரிலேயே போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காலையில் அவள் தட்டியபோது உள்ளேயிருந்து ஒரே வரிதான் வந்தது.

"காரை நல்லாத் துடைச்சிடு, தங்கச்சி."

பிறந்ததிலிருந்து அவன் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதே கிடையாது. குரங்கு, வாலு, குட்டிச்சாத்தான். ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தால் மேடம். அசதியில் பேசுகிறான் என்று விட்டுவிட்டாள்.

முதல் துண்டு சளக்கென்று கையோடு வந்தது. மண்ணெண்ணெய் வாடைக்கும் கருகிய ரப்பர் நாற்றத்துக்கும் அடியில், அடுப்பில் மயிர் பொசுங்கினாற்போல இன்னொரு வாடை மெல்ல எழுந்து, அவள் முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே வந்து நின்றது. அவள் வாயால் மூச்சு விட்டபடி சுரண்டினாள். ஒவ்வொரு துண்டும் பெயிண்டை விட்டு வர மனமில்லாததுபோல இழுபட்டு, நூலாக நீண்டு, கடைசியில் அறுந்து வாளியில் விழுந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பளிச்சென்று ஆனது. மறுபக்கத்தில் கை வைத்தபோது போன் அடித்தது.

அண்ணனின் கூட்டாளி. ரேஸில் நேரம் குறிப்பவர்.

"அண்ணன் எப்படிம்மா இருக்கான்?"

"தூங்குது. ஏன்ணே?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நேத்து எடுத்த வீடியோவை இப்பதான் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். டயர் புகை கிளம்புறப்ப அவன் உள்ள இருக்கான். புகையை விட்டு வண்டி வெளிய வருது பாரு, சீட்ல யாருமே இல்ல. கடைசிக் கோட்டைத் தாண்டுறப்பதான் மறுபடி ஆள் தெரியுது."

"கண்ணாடில வெயில் அடிச்சிருக்கும்ணே."

"நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். நீ அவன் மூஞ்சியைப் பாத்தியா?"

அவள் போனைத் தரையில் வைத்தாள்.

ஷெட்டில் நிசப்தம். எங்கோ மண்ணெண்ணெய் சொட்டியது. வாளிக்குள் ஏதோ சரிந்தது. அவள் மெதுவாக எட்டிப் பார்த்தாள்.

துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. குவியலாக அல்ல. மேலே கிடந்தது ஒரு கட்டைவிரல். கறுத்த ரப்பர்க் கட்டைவிரல். அதன் நகம் நடுவில் பிளந்திருந்தது. காரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி நழுவி அண்ணனின் விரலை நசுக்கிய அன்று, அந்த நகத்துக்குக் கட்டுப் போட்டவளே அவள்தான்.

தொட்டாள். சில்லென்று இருந்தது. வாளியிலிருந்த எல்லாமே சில்லென்று ஆகியிருந்தன. காரில் மிச்சம் ஒட்டியிருந்தது மட்டும் சூடு. உயிருள்ள உடம்பின் சூடு.

"அண்ணா..."

வாளியிலிருந்து அள்ளினாள். சுத்தமான பெயிண்டில் வைத்து அழுத்தினாள். ஒட்டவில்லை. வழுக்கி விழுந்தது. மறுபடி அள்ளினாள். இரண்டு கையாலும். மறுபடி விழுந்தது. மண்ணெண்ணெயில் ஊறியது இனி எதிலும் ஒட்டாது. அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டுக்குள் ஒரு தாழ்ப்பாள் விலகியது.

காலடிச் சத்தம். அவசரமில்லாத காலடி. கதவு வரை வந்தது. உள்ளே வந்தது. அவள் திரும்பவில்லை.

"முடிஞ்சுதா, தங்கச்சி?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல். அது அவள் முதுகை ஒட்டிக் குந்தியது. அதன் மேலிருந்து எந்த வாடையும் வரவில்லை. வியர்வை இல்லை. புகை இல்லை. மூச்சுகூட இல்லை.

"இந்தப் பக்கம் இன்னும் இருக்கே."

கையுறை போட்ட கை ஒன்று அவள் தோளுக்கு மேலே நீண்டு, விழுந்து கிடந்த சுரண்டியை எடுத்தது. அவள் விரல்களைப் பிரித்தது. சுரண்டியை உள்ளே வைத்து மூடியது. கையுறைக்குள் எலும்பே இல்லை. ஆனாலும் அந்தப் பிடியை அவளால் உதற முடியவில்லை.

"ஒண்ணுகூட விடாத."

கை அவள் கையைத் தள்ளிக்கொண்டு போனது. பின்சக்கரத்துக்கு மேலே. நீள்வட்டமாக ஒட்டியிருந்த ஒரு பெரிய துண்டு வரை. சுரண்டியின் முனை அதன் ஓரத்தில் நுழைந்தது.

கறுத்த ரப்பர் இமை திறந்தது. ஈரமாக. அண்ணனின் கண் அவளையே பார்த்தது.

சுரண்டி மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.