கரைக்காத உப்பு

அந்த மெயில் அவர்கள் ஆபீஸிலிருந்து அவர்கள் ஆபீஸுக்கே வந்திருந்தது. அனுப்பியவர் பெயரும் பெறுபவர் பெயரும் ஒன்றுதான். தலைப்பு இல்லை, உள்ளே ஒரு வரி எழுத்தில்லை. அடியில் ஒரு கோப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மவுஸின் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனதும் சிவப்புப் பெட்டி ஒன்று திரையில் எழும்பி, வைரஸாக இருக்கலாம், திறக்க வேண்டாம் என்று எச்சரித்தது.

"இதை யாரும் அனுப்பல சார். வைரஸே நம்ம பேரைப் போட்டுக்கினு வருது," என்றாள் அனுஷியா. "ஒருத்தர் திறந்தா போதும், அட்ரஸ் புக்ல இருக்குற எல்லாருக்கும் அதுவே தன்னை அனுப்பிக்கும். தெரிஞ்ச பேராச்சேன்னு அவங்களும் திறந்துடுவாங்க. சிவப்புப் பெட்டி வந்தா தொடாதீங்கக்கா."

கடைசி வார்த்தை தெய்வநாயகிக்கு. முதலாளி புருஷோத்தமன் அதற்குத் தலையை ஆட்டிய ஆட்டம் இருக்கிறதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மரக்காணத்து உப்பளத்தை ஒட்டிய இந்த ஆபீஸில் பதினோரு வருஷமாக லாரி ரிஜிஸ்டர் எழுதுகிறாள். ஒரு நாளாவது அவளுக்கு இப்படித் தலையாட்டியிருப்பாரா மனுஷன்? சுனாமி வந்து போன கையோடு, பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தது இருபத்துமூன்று வயசுப் பெண். கூடவே கம்ப்யூட்டரும் வந்தது. ஜன்னலோரச் சுழல் நாற்காலி அவளுக்குப் போனது. அது தெய்வநாயகியின் நாற்காலி. தெய்வநாயகிக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல்.

சேலம், பெங்களூரு, கொல்லம் என்று உப்பு வாங்குகிறவர்கள் இருநூற்றுப்பதின்மூன்று பேரின் முகவரிகளை அந்தப் பெண் ஒரே வாரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். அன்றிலிருந்து போனை எடுத்தால் ஒரே கேள்வி. "அனுஷியா மேடம் இருக்காங்களா?" ஒரே ஒரு தடவை, எல்லாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்று தெய்வநாயகிக்கு அடிவயிறு எரியும். எரிச்சலை வெளியில் காட்டிக்கொள்ளாமல், "இதோ கொடுக்கறேங்க," என்று நீட்டுவாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அளத்து ஆபீஸ்களில் வெள்ளிதோறும் ஒரு வழக்கம் உண்டு. அன்று வாரிய புது உப்பில் ஒரு பிடி எடுத்து லாரிக்கும் தராசுக்கும் சுற்றி, வழியில் யாரிடமும் வாய் திறக்காமல் கொண்டுபோய் வாய்க்காலில் கரைத்துவிட வேண்டும். பட்ட கண்ணெல்லாம் உப்போடு கரைந்து போய்விடும். அந்த வேலை தெய்வநாயகியுடையது. கம்ப்யூட்டர் வந்தபிறகு அதற்கும் சேர்த்துச் சுற்றினாள். அதன் தலையில் எலுமிச்சையும் மிளகாயும்கூடத் தொங்கின.

அந்தக் காலையில்தான் முதலாளி, "அந்தப் பொண்ணையும் உக்கார வச்சு சுத்திப் போடு தெய்வநாயகி. ஊர்க்கண்ணு பூரா அது மேலதான் இருக்குது," என்றிருந்தார்.

ஊர்க்கண் எங்கே இருக்கிறது? இருந்தது ஒரே ஜோடிக் கண். அது யாருடையது என்று சுற்றுகிறவளுக்குத் தெரியாதா?

கழுத்தில் சிலுவை போட்ட பெண் முகம் சுளிக்கவில்லை. "எங்க வீட்லயும் சுத்துவாங்கக்கா," என்று சிரித்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். மூன்று சுற்று. தெய்வநாயகி வாய்க்கால்வரை போனாள். குனிந்தாள். பிடியைத் திறக்கவில்லை. கைக்குட்டையில் உப்பை முடிந்து திரும்பி வந்து, கம்ப்யூட்டர் மேஜையின் அடியில், வயர்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். சுற்றிய உப்பைக் கரைக்காமல் வைத்தால் பட்ட கண் அங்கேயே தங்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் அந்த மெயில் வந்தது.

உச்சிவேளையில் அளத்தில் ஆளிருக்காது. விடியலில் இறங்கியவர்கள் வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே பாத்திகளும் குவியல்களும் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்த, மின்விசிறி கிறீச்சிட, அழுகத் தொடங்கிய எலுமிச்சையின் புளித்த வாடையோடு அறை அசையாமல் கிடந்தது. முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார். அனுஷியா டிபன் பாக்ஸைக் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள்.

தெய்வநாயகி போய் மவுஸைப் பிடித்தாள். அவள் கணக்கு எளிமையானது. திறந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். படுத்தால் பழி யார்மேல்? சிவப்புப் பெட்டி எழும்பியது. அதைத் தள்ளிவிட்டுத் திறந்தாள்.

கம்ப்யூட்டர் படுக்கவில்லை. மேலிருந்து கீழாக, கோடு கோடாக, ஒரு போட்டோ இறங்கியது. இதே அறை. இதே ஜன்னல். நாற்காலியில் அனுஷியா, பின்பக்கமிருந்து. அப்படி ஒரு படம் எடுக்க வேண்டுமானால் அதோ அந்தச் சுவருக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும். படத்தில், மவுஸ்மேல் இருந்த அனுஷியாவின் கையில் சுண்டுவிரல் மட்டும் இல்லை.

அவசரமாக மூடிவிட்டு ஸ்டூலுக்கு ஓடினாள். அனுஷியா விரலைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். "சுண்டுவிரல் மரத்துப் போச்சுக்கா. பாருங்களேன்." விரல் நாள் பூராவும் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கி வெளுத்திருந்தது. அது தொட்ட காகிதத்தில் ஈரம் படிந்தது. காய்ந்தபோது வெள்ளையாகப் பொரிந்தது.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். முடிச்சை எடுத்து வாய்க்காலில் போட்டிருந்தால் முடிந்தது விஷயம். இரண்டு நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பது நிஜம். ஆனால் மூன்றாம் நாள் முதலாளி ஊரிலிருந்து வந்த அல்வாவைப் பிரித்து, முதல் துண்டை அனுஷியாவிடம் நீட்டினார். அதைப் பார்த்ததும் பயமெல்லாம் எங்கே போனதோ.

அடுத்த வெள்ளி, அடுத்த மெயில். திறந்தாள். இந்த முறை படத்தில் அனுஷியாவின் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

மறுநாள் அந்தப் பெண் தரையைத் தடவித் தடவி நடந்து வந்தாள். நடந்த இடமெல்லாம் ஈரத்தடம். பத்து நிமிஷத்தில் அது காய்ந்து வெள்ளைத் தடமாயிற்று. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். "தாகம் அடங்கவே மாட்டேங்குதுக்கா. கோயில்ல ஃபாதர்கிட்ட ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கேன். நீங்களும் வேண்டிக்குங்க."

"வேண்டிக்கறேம்மா," என்றாள் தெய்வநாயகி. நெஞ்சுக்குள் பாவம் என்று ஒரு குரல். அதற்குமேல் இன்னொரு குரல், நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறாளா பார் என்றது.

அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வியாழனன்று எழுப்பப்பட்டது தெய்வநாயகிதான். "திங்கக்கிழமையிலேருந்து நீ எடைமேடை கொட்டாய்க்குப் போயிடு," என்றார் முதலாளி. "இங்க அந்தப் பொண்ணே பாத்துக்கும்."

பதினோரு வருஷம். இனி வெயிலில், தகரக் கொட்டகையில், லாரிப் புகையில். மறுநாள் வெள்ளி, மூன்றாவது மெயில். சிவப்புப் பெட்டியைத் தள்ளிவிட்டுத் திறந்தாள்.

படத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. இருக்கையில் ஒரு குவியல் உப்பு. அதன்மேல் சிலுவைச் சங்கிலி.

பின்பக்கம் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. நிற்கவேயில்லை. கடைசியில் தெய்வநாயகி போய்ப் பார்த்தாள். கழுவாத டிபன் பாக்ஸ். இரண்டு செருப்பு. குழாயிலிருந்து வாய்க்கால்வரை ஒரு வெள்ளைத் தடம். திரும்பி வந்தாள். நாற்காலியில் உப்பு இருந்தது. சங்கிலியும் இருந்தது.

வாய்க்காலில் தவறி விழுந்திருப்பாள் என்று மூன்று நாள் தேடினார்கள். அப்பனும் ஆத்தாளும் கரையில் கிடந்து அழுதார்கள். தெய்வநாயகியும் அழுதாள், கண்ணீர் தானாகத்தான் வந்தது. "இனிமே நீதான் பாத்துக்கணும்," என்றார் முதலாளி.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்காருமுன் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். முடிச்சு இருந்தது. அவள் வைத்தது ஒரு பிடி. இப்போது அது தேங்காய் அளவுக்கு வீங்கி, கைக்குட்டை தெறிக்கப் பார்த்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலால் உள்ளே தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். இருக்கை சில்லென்று ஈரமாக இருந்தது. ஆனாலும் நாற்காலி அவளுடையது. ஜன்னல் அவளுடையது.

உச்சிவேளை. அறையில் வேறு யாருமில்லை. இன்னொரு மெயில் வந்தது.

அவள் என்ன முட்டாளா? திறக்கவில்லை. அழித்தாள். அது பெட்டியிலிருந்து மறைந்தது. அடுத்த நொடி மோடம் தானாகக் கீச்சிட்டு லைன் பிடித்தது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது.

இருநூற்றுப்பதின்மூன்றில் ஒன்று போகிறது. இரண்டு போகிறது.

இந்த முறை தலைப்பு இருந்தது. தெய்வநாயகியின் போட்டோ.

ஒருத்தர் திறந்தால் போதும் என்று அந்தப் பெண் சொன்னாள். மூன்று தடவை திறந்தது யார்? இத்தனை நாள் அது எதற்குக் காத்திருந்தது? நாற்காலியில் ஆள் மாறத்தானா?

எழப் பார்த்தாள். ஈரம் இருக்கையோடு அவளைப் பிடித்துக்கொண்டது. எட்டி மெயின் ஸ்விட்சை அணைத்தாள். மின்விசிறி நின்றது. திரை நிற்கவில்லை. மேஜைக்கடியில் யுபிஎஸ் பீப் பீப்பென்று கத்திக்கொண்டு அதற்கு உயிர் கொடுத்தது. பதினொன்று போகிறது. பன்னிரண்டு.

பேசுவதற்கென்று தனி லைனில் இருந்த போன் அடித்தது.

"வணக்கம்மா, சேலத்துலேருந்து தங்கராசு பேசறேன். தெய்வநாயகி மேடம் இருக்காங்களா?"

"நான்தாங்க," என்றாள்.

"உங்க போட்டோன்னு ஒண்ணு வந்திருக்குது. ஏதோ சிவப்புப் பெட்டி, வேணாம்னு காட்டுச்சு. நம்ம மரக்காணம் மேடமாச்சேன்னு திறந்துட்டேன். ஏம்மா, படத்துல சுண்டுவிரலைக் காணமே?"

ரிசீவரைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நான்கு விரல்.

வைத்தாள். உடனே அடித்தது. "தெய்வநாயகி மேடம் இருக்காங்களா?" வைத்தாள். அடித்தது. கொல்லம். பெங்களூரு. எல்லாருக்கும் அவள் வேண்டும். எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள். மோடம் வயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிடுங்கினால் போதும். பிடுங்க விரலில்லை. சாவிப்பலகைமேல் உப்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

இருபத்தாறு.

முழங்கையால் ரிசீவரைத் தட்டினாள். அது கயிற்றில் தொங்கியது. "அலோ? மேடம், உங்க போட்டோ வந்திருக்குது. திறக்கட்டுமா?"

திறக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு கரித்தது. இளகியது. வாய் நிறைய உப்பு.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

நாற்பது.

கால் இல்லை. கை இல்லை. தாகம். வெளியே வெள்ளை வெயில். நாற்காலியில் ஒரு குவியல். அதன் உச்சியில், கரையாமல், இமைக்காமல், ஒரு ஜோடிக் கண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்று போகிறது.