மடிமணம்

தாய்ப்பாசம் அன்றைக்குக் குப்பி நானூற்றிருபது நாணயம். செவ்வாய்க் கோளில் பிள்ளைகள் பேழையில்தான் விளைந்தன. மூடியைத் திறந்து எடுத்த குழந்தைக்குத் தாயும் ஒன்றுதான், தண்ணீர்க் குழாயும் ஒன்றுதான். அந்தக் குறைக்கு மருந்தாக வந்ததுதான் மடிமணம் என்ற நுண்ணுயிர்க் கரைசல். தாயின் எச்சிலில் ஒரு சொட்டு விட்டால் கிருமிகள் அவள் வாசனையைக் கற்றுக்கொள்ளும். பிறகு பிள்ளையின் குடலில் குடியேறி, அந்த வாசனை வரும் பக்கம் முகத்தைத் திருப்பவைக்கும். வேரூன்ற நாற்பது நாள். கற்பது ஒரே தடவை.

"நானூற்றிருபதா? பிள்ளையையே அவ்வளவுக்குத்தான் எடுத்தோம், அண்ணாச்சி!" என்றாள் சுடர்க்கொடி. மூன்று மாதமாக மகன் தன்னை ஏறிட்டும் பார்க்கவில்லை என்று சொன்னபோது மட்டும் அவள் குரலில் பேரம் இல்லை.

கடைக்காரர் தங்கப்பழம் முகத்தைச் சுளித்தார். "உனக்காகத் தொண்ணூறு. வெளியே சொல்லாதே, தாயி."

அந்தத் தள்ளுபடி வாரத்தில் அவர் அப்படிச் சொன்ன நூற்று நாற்பத்தொன்றாவது, கடைசி ஆள் அவள். தொண்ணூறுக்கு விற்றும் லாபம்தான். ஒரு குப்பியைச் சோயாப் பாலில் உறை குத்தி இருபதாக்கிவிடுவார். சூட்டுப்பெட்டிக்கு மின்சாரச் செலவு வைப்பானேன்? ஜாடியைத் துணியில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டே வியாபாரம் பார்த்தார். உடம்புச் சூட்டுக்கு யாரும் மீட்டர் வைக்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலையில் சுடர்க்கொடி மகனோடு வந்து நின்றாள். "காற்றுக் குழாயைப் பார்த்துச் சிரிக்கிறான், அண்ணாச்சி. ராப்பகலா அதையே பார்க்கிறான்."

ஊரை மூடிய குவிமாடம் முழுக்க ஒரே காற்றுதான் சுற்றி வந்தது, எல்லார் வாசனையையும் சுமந்துகொண்டு. தங்கப்பழத்தின் கை தானாக, ஜாடி கட்டியிருந்த வயிற்றைத் தொட்டது. அவள் இடுப்பிலிருந்த குழந்தை மெல்லத் திரும்பி, அவரைக் கண்டு, இரண்டு கைகளையும் நீட்டியது.

அவளுக்குப் பின்னால் தெரு அடைத்துக் குழந்தைத் தள்ளுவண்டிகள். வண்டிக்கு ஒரு தலை. எல்லாத் தலைகளும் அவர் பக்கம். ஒன்றுகூட அழவில்லை.

அடி விழப்போகிறது, கடை போகப்போகிறது என்று அவர் கல்லாவைப் பூட்டினார். முன்னால் நின்ற ஒரு தகப்பன் குழந்தையை அவர் மடியில் வைத்துப் பார்த்தான். அது கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது.

"அட, உங்ககிட்டே இவ்வளவு சமத்தா?" என்றவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இங்கேயே இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் வந்து எடுத்துக்கிறேன்."

"அப்போ எங்களுதும்," என்றது கூட்டம். பணத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் நேரமில்லை.

சுடர்க்கொடி மட்டும் மகனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை அவன் அவள் தோளுக்கு மேல் அவரைப் பார்த்து வீறிட்டான்.

வேலை முடிந்த சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியும் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தங்கப்பழம் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்தார். அத்தனை முகங்களும் ஓசையில்லாமல் வலப்பக்கம் நகர்ந்தன.

வரவு நூற்று நாற்பத்தொன்று. திரும்பிப் போனது ஒன்று. பாக்கி நூற்று நாற்பது.