ஹாரன் அடித்த லாரி

காலை ஆறு மணி. சின்ன மாப்பிள்ளை லாரியின் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினார். டக். விடாமல் முயன்றதில் ஆக்ஸிலேட்டர் மிதி இறுகிக்கொண்டது. காலடியில் ஏதோ தீயும் வாடை. கடைசியில் ஹாரனை அழுத்திப் பிடித்தார். தெருவே அலறி எழுந்தது. லாரி நின்ற ஷெட்டுக்கு மேல்மாடியில், சமையலறைத் தொட்டியில் ஒட்டியிருந்த செந்நிறப் பொடியைத் திட்டியபடி கழுவிக்கொண்டிருந்த பெரிய மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கணவர், அதாவது பெரிய மாப்பிள்ளை, டூல் பையோடு இறங்கினார். ஷெட்டின் எலக்ட்ரீஷியன் அவர்தான். அந்தக் கிழட்டு லாரியில் அவர் கை படாத ஒயர் கிடையாது. வண்டிக்கு அடியில் போனார், வந்தார். ஏழு மணிக்கு இஞ்சின் உறுமியது. அதற்குள், அன்று சரக்கு ஏற்ற வேண்டியிருந்த மருந்துக் கம்பெனி வேறு லாரியைக் கூப்பிட்டுவிட்டது. ஒப்பந்தத்தின் முதல் லோடே கை நழுவிப் போனது.

“பேட்டரி இறங்கிடுச்சு மாமா. ராத்திரி பூரா கேபின் லைட்டை எரிய விட்டிருக்காரு சகலை” என்றார் பெரிய மாப்பிள்ளை, கையைத் துடைத்தபடி.

லாரி மாமனாருடையது. போன வாரம்தான், “இனி வண்டி உங்க பொறுப்பு” என்று சாவியைச் சின்ன மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தார். இன்று கம்பெனிக்காரர் போனில் சொன்னது ஒன்றே ஒன்று: இப்படி அசட்டையான டிரைவர் எங்களுக்கு வேண்டாம், வேறு ஆள் இருந்தால் மதியத்துக்குள் சொல்லுங்கள்.

ஒன்பது மணிக்கு மாமனார் கையை நீட்டினார். சின்ன மாப்பிள்ளை சாவியை எடுத்தார். முகம் செத்துப் போயிருந்தது.

“கொஞ்சம் இருங்கப்பா” என்றபடி வந்து நின்றாள் பெரிய மகள்.

ஷெட்டின் முன்பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை அவளுடையது. ஏதாவது உடைந்தது என்று வந்து நிற்பவரின் முகத்தைப் பார்த்தே, எப்படி உடைத்தார் என்று சொல்லிவிடுவாள். தங்கை வீட்டுக்குச் சாவி போனதில் அவளுக்கும் உள்ளே புகைச்சல்தான். பேசாமல் இருந்திருந்தால் சாவி திரும்பி வந்திருக்கும். ஆனால் கணக்கு உதைத்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. பிறவிக் கோளாறு.

“லைட்டை அணைச்சீங்களா மாப்பிள்ளை?”

“அணைச்சேன் அண்ணி. சொன்னா யாரு நம்புறா?”

“ஷெட் பூட்டு?”

“பூட்டினபடியேதான் இருந்துச்சு.”

அந்தப் பூட்டுக்குச் சாவி மூன்று பேரிடம் மட்டும்: மாமனார், இரண்டு மாப்பிள்ளைகள்.

“ஸ்டார்ட் பண்றப்ப வேற என்ன ஆச்சு?”

“மிதி இறுகிப்போச்சு. தீயிற வாடை வந்துச்சு.”

அவள் குனிந்து ஆக்ஸிலேட்டர் கம்பியைத் தடவினாள். அதன் உறை உருகிச் சுருண்டிருந்தது. பிறகு சேலையை இழுத்துச் செருகி, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தாள். எங்கும் எண்ணெய்ச் சேறு. இஞ்சினையும் வண்டியின் அடிச்சட்டமான சேஸியையும் இணைக்கும் செம்புப் பின்னல் பட்டை மட்டும் இரு முனையிலும் பளபளத்தது. நடுவில் பழைய கறுப்பு. கீழே சிமெண்ட் தரையில் ஒரு துளிப் பொடி இல்லை.

வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

“அப்பா, பேட்டரி இறங்கின வண்டியோட ஹாரன் எப்படிக் கத்தும்?”

“எங்க கத்தும்? முனகும்.”

“இன்னைக்குத் தெருவையே எழுப்புச்சு. அப்ப பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு. இஞ்சினுக்கு எர்த் கொடுக்கிற பட்டைதான் அப்ப இல்ல. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் அது வழியாத்தான் திரும்பணும். அது இல்லாததால ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாப் போயிருக்கு. கம்பி சூடாகி உறை உருகிடுச்சு. ஹாரனுக்கு எர்த் சேஸியில தனியா இருக்கு, அதனால அது தப்பிச்சுது.”

“லூஸா இருந்துச்சு. நான்தான் முறுக்கினேன்” என்றார் பெரிய மாப்பிள்ளை, அவசரமாக.

“பின்ன ஏன் பேட்டரின்னு சொன்னீங்க?”

அவர் டூல் பையின் வாரை இழுத்து மாட்டினார்.

“பட்டை லூஸுன்னா எலக்ட்ரீஷியன் குத்தம். லைட்டுன்னா டிரைவர் குத்தம்” என்றாள் அவளே.

“யாரோ கழட்டிப் போட்டிருக்கலாம்ல?” என்றார் அவர்.

“ரெண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கு. இங்க தேய்ச்சா செம்புப் பொடி இந்தத் தரையில கிடக்கணும். என் சமையல் தொட்டியில கிடந்துச்சு. ராத்திரி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கீங்க. அழுக்கோட ஒரு சாமானைத் திருப்பிப் பூட்ட உங்களுக்குக் கை வராது. அப்பா, பட்டையைக் கழட்டினது உங்க பெரிய மாப்பிள்ளைதான்.”

பெரிய மாப்பிள்ளை தகரப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வண்டி நடுரோட்டுல படுத்தப்பெல்லாம் போய் எழுப்பினது நான். மழையில, வெயில்ல. சாவி மட்டும் நேத்து வந்தவருக்கு. நானும் இந்த வீட்டு மாப்பிள்ளைதானே மாமா? பொறுக்கல. முதல் நாளே பேரு கெடட்டும்னு நினைச்சேன்.”

“எங்கிட்டக் கேட்டிருக்கலாமே” என்றார் மாமனார்.

“நீங்க என்னைக் கேட்டிருக்கலாமே.”

மாமனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை சகலையின் முகத்தைப் பார்க்க முடியாமல் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மகள் போனில் எண்ணை அழுத்திக் கணவரிடம் நீட்டினாள்.

“கம்பெனிக்காரர்கிட்டச் சொல்லுங்க.”

“இந்தத் தொழில்ல என் பேரு நாறிடும். நீயே என்னை மாட்டி விடுறியா?”

“சாவி தங்கச்சி வீட்டுக்குப் போன அன்னைக்கு எனக்கும்தான் வயிறு எரிஞ்சுது. அவகிட்ட ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல. ஆனா நான் எதையும் கழட்டலையே.”

மறுமுனையில் யாரோ “ஹலோ” என்றார்கள்.

பெரிய மாப்பிள்ளை போனை வாங்கினார். “வணக்கம் சார், அந்த லாரியோட எலக்ட்ரீஷியன் பேசுறேன்” என்றார். “டிரைவர் மேல தப்பில்ல சார். வண்டியை நிறுத்தினது நான்.”