ஆறா, எட்டா?

பழைய கடிகாரம், திசைகாட்டி, தொலைநோக்கி எல்லாம் பழுது பார்ப்பது அப்பாவின் வேலை. பள்ளி விட்டதும் அவர் மகள் நேரே பட்டறைக்கு வந்துவிடுவாள். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பதால் அவளை எல்லோரும் ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று தபால் அத்தை வந்திருந்தார். தபால் நிலையத்தில் வேலை பார்ப்பதால் அந்தப் பெயர். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து மேசையில் வைத்தார். முக்கோணமாகக் கறுப்பு மரச்சட்டம், இரண்டு சின்னக் கண்ணாடிகள், அடியில் வளைந்த அளவுகோல்.

“எங்க கொள்ளுத் தாத்தா கப்பல்ல வச்சிருந்த செக்ஸ்டன்ட். சூரியன் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு இதுலதான் அளப்பாராம். நாளைக்கு நூலகக் கண்காட்சியில இதைப் பத்திப் பேசணும். சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க.”

அப்பா திருப்புளி எடுக்க உள்ளே போனார். அத்தை பேச்சை ஒத்திகை பார்த்தார். “இந்த செக்ஸ்டன்ட்...”

வாலு கருவியையே பார்த்தாள். செக்ஸ்டன்ட் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். இது அதைவிட ஒல்லியாக இருந்தது. நாளைக்கு யாராவது சிரித்துவிட்டால்? ‘தப்பு’ என்று பட்டென்று சொன்னாலும் அத்தையின் முகம் வாடிப்போகுமே.

காகிதத்தில் ஒரு வட்டம் வெட்டினாள்.

“அத்தை, இதைப் பாதியா மடிங்களேன். இன்னொரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை. இப்ப கூர்முனையைக் கருவியோட உச்சியில வைங்க.”

காகிதத்தின் இரண்டு ஓரங்களும் அளவுகோலின் முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் தொட்டன. அத்தை காகிதத்தைப் பிரித்து மடிப்புகளை எண்ணினார்.

“எட்டு பங்கு வருது. அதுக்கென்ன?”

“ஆறுன்னா செக்ஸ்டன்ட். எட்டுன்னா ஆக்டன்ட், அத்தை. அதுதான் முதல்ல வந்துச்சு.”

“அப்ப இதுதான் அக்காவா? இத்தனை வருஷமா தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கேனே.” அத்தை வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பா வந்ததும் வாலு, அளவுகோலின் மேல் நகரும் கையைப் பூஜ்ஜியத்தில் வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

“தொட்டியோட விளிம்பு படி மாதிரி உடைஞ்சு தெரியுதுப்பா.”

“கண்ணாடி கொஞ்சம் சாஞ்சிருக்கும்.” அப்பா பின்னாலிருந்த திருகைத் துளி திருப்பினார். விளிம்பு ஒரே கோடாகச் சேர்ந்தது.

“கொள்ளுத் தாத்தா இப்படித்தான் பாத்திருப்பாரா? எங்கே, குடு.” அத்தை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

அப்பா பட்டறையைப் பெருக்கி, விளக்கை அணைத்து, சாவியோடு வந்து நின்றார். அத்தை கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.