மிச்ச மருந்து

திருத்தங்கலில் அந்த ஓட்டு வீட்டுக் கதவை ஒரு பொம்பளை தட்டியபோது மத்தியானம் மூணு மணி. ஆடிக் காத்து தெருப் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. கரண்டு இல்லை. 2008-ல் கரண்டு எப்போதுதான் ஒழுங்காக இருந்தது?

"ரோஜா அனுப்புச்சா?" என்று கேட்டாள் அய்யம்மாள். விருதுநகரில் கட்டிக்கொடுத்த மகள் ரோஜா. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் பிடித்து அனுப்புவதாகப் போனில் சொல்லியிருந்தாள்.

வந்தவள் தலையை ஆட்டினாள். முகத்தைத் துண்டால் சுற்றியிருந்தாள். காலில் செருப்பு இல்லை. "ஒரு வாளித் தண்ணி குடுங்கக்கா" என்று கேட்டு வாங்கி, ரெண்டு கையையும் முக்கி எடுத்த பிறகுதான் வாசல்படி தாண்டினாள். பட்டாசு கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் எல்லாரும் செய்கிற காரியம் அது. கம்பெனிப் பழக்கம் போல என்று அய்யம்மாள் விட்டுவிட்டாள். அதற்குமேல் யோசிக்க உடம்பில் தெம்பு வேண்டாமா? அவள் சேர்ந்தாப்போல ரெண்டு மணி நேரம் தூங்கி மாசக்கணக்காகிறது.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கோட்டைச்சாமி. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது வருஷம் போர்மேன். பட்டாசு மருந்து கலப்பதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை என்பார்கள். இப்போது வேட்டி கட்டத் தெரியாது. பொண்டாட்டி பேர் தெரியாது. விடிந்தால் அடைந்தால் ஒரே கேள்விதான்.

"மிச்சத்தைக் கொட்டுனேனா?"

மதுரை டாக்டர் இதற்கு அல்சைமர் என்று பேர் சொன்னார். எப்போதிருந்து மறதி என்று கேட்டதற்கு, "ஆறு மாசமாத்தான் சார்" என்றாள் அய்யம்மாள். பச்சைப் பொய்! மூணு வருஷம் முன்னாலேயே மனுஷன் கைக்கடிகாரத்தை அரிசிப் பானைக்குள் போட்டார். தினம் போகிற ரோட்டில் பைக்கை நிறுத்தி வழி கேட்டார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே என்று அவள்தான் மூடி மறைத்தாள். "பாத்துக்கிற நீங்களும் தூங்கணும்மா, ஆள் மாத்தி ஆள் பாக்கணும்" என்றும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். மாத்துவதற்கு ஆள் யார் இருக்கிறார்கள்?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். வேலை விட்டு வந்தவர் சோத்தில் கை வைக்காமல் மூணு தடவை கேட்டார், மிச்சத்தைக் கொட்டினேனா என்று. கலந்த மருந்தில் மிஞ்சியதை ராத்திரி அறையில் வைக்கவே கூடாது, தானாகச் சூடேறி வெடித்துவிடும்; கொட்டி அழித்துவிட வேண்டும். "கொட்டியிருப்பீக, பேசாமச் சாப்பிடுங்க" என்றாள் அய்யம்மாள். மறுநாள் காலையில் முத்துமாரியம்மாள் என்கிற கம்பெனி வேலைப் பெண் அந்த அறைக் கதவைத் திறந்தாள்.

திறந்ததோடு சரி.

"அந்தப் பிள்ளைகிட்டக் கொட்டச் சொல்லிட்டுத்தான் வந்தாரு. அதுதான் மறந்துருச்சு" என்று விசாரணையில் அய்யம்மாள் அடித்துச் சொன்னாள். புருஷன் தப்பினார். செத்தவளுக்கு ஊர் 'மறதிக்காரி' என்று பட்டம் கட்டியது.

"நீங்க படுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றாள் வந்தவள்.

இந்த ஒரு வார்த்தைக்கு எம்புட்டு நாளாக ஏங்கிக் கிடந்தாள்! அய்யம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. பாயில் சாய்ந்தாள், அடித்துப் போட்டதுபோலத் தூங்கிப்போனாள்.

கந்தக நெடி மூக்கில் ஏறி எழுப்பியது.

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. இருட்டுக்குள் யாரோ தேம்பினார்கள்.

"அய்யம்மா..."

எட்டு மாசம் கழித்து அவள் பேர் அந்த வாயில் வந்தது.

"அய்யம்மா, நான் கொட்டல. நான்தான் கொட்டல. பாவி, அந்தப் பிள்ளையைக் கொன்னுட்டேனே!"

கட்டிலடியில் அந்தப் பொம்பளை உட்கார்ந்திருந்தாள். துண்டு அவிழ்ந்து கிடந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரிதான் இருந்தது. கை ரெண்டிலும் மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் வெள்ளியாய் மினுங்கியது.

"அவருக்கு எல்லாம் நெனப்பு வந்திருச்சுக்கா. சாகுறவரை மறக்க மாட்டாரு."



"ஊருக்கு உண்மையைச் சொல்லுவீகளா?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்குமோ என்னவோ. ஆனால் சொன்ன பொய் ரெண்டு வருஷத்தில் வாய்க்குப் பழகிப்போயிருந்தது.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? நீதானே தாயி மறந்துட்ட..."

 கட்டிலடியிலிருந்து அவள் எழுந்து வந்தாள்.

"சரிக்கா. அவருகிட்ட எடுத்த மறதி என் கையிலதான் இருக்கு. மிச்சத்தை வைக்கக் கூடாதுல்ல?"

ரெண்டு ஈரக் கைகள் அய்யம்மாள் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தன.

"கொட்டணும்ல?"

பொழுது சாய ரோஜா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசலில் கூட்டம். அப்பா தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, முத்துமாரியம்மாள் மேல் தப்பே இல்லை என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

ரோஜா பதறி உள்ளே ஓடினாள். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். நரைத்த தலையில் ரெண்டு உள்ளங்கை அச்சு வெள்ளியாக மின்னியது.

"என்னம்மா ஆச்சு? நான் சொன்ன ஆளு நாளைக்குத்தான் வருது, அதான் நானே வந்தேன்."

அய்யம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு தாயி நீ?"

 அம்மா அவளை விட்டுவிட்டு ஆளில்லாத அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"மிச்சத்தைக் கொட்டியாச்சா?"

அடுப்படிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"கொட்டியாச்சுக்கா."