பத்தாவது குச்சி

மடுல்சீமையிலிருந்து குலுங்கிக் குலுங்கி ஏறிவந்த ஓட்டோ தேயிலைத் தோட்டப் பங்களா வாசலில் நின்றபோது காலை பத்து மணி. நிரஞ்சலா இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் றொபின்சன் அளவு நாடாவைத் தோளில் மாட்டியபடி இறங்கினார். பதுளையில் ஒரு நில அளவையாளரிடம் இருபது வருடமாக நாடா பிடிப்பவர் அவர்.

"ரோட்டா மிஸ் இது? என் பல்லு பூரா இடம் மாறிப்போச்சு."

அவள் சிரிக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்துக் காணி வரைபடங்களைத் தேடித் தேடிப் பிரதியெடுத்துச் சேர்ப்பது அவளுக்கு மூன்று வருடத்துப் பைத்தியம். இப்போது அந்தப் பைத்தியத்தை நம்பிப் பதினான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய மேல் வரிசை வீடுகள் தொழிலாளர் லயத்துக்கு ஒதுக்கிய காணிக்கு வெளியே இருக்கின்றன, காலி செய்ய வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. கடைசி வீடு அவளுடைய அம்மா பாக்கியலெட்சுமியின் வீடு.

பழைய வரைபடத்தில் அந்தக் காணி ஆறாம் எல்லைக் கல்லிலிருந்து ஏழாம் கல் வரை. ஆறாம் கல் இன்றும் மழைத்தண்ணீர் ஓடும் கானோரத்தில் நிற்கிறது. ஏழாம் கல்லை யாரும் கண்டதில்லை. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்றும் வரைபடத்தில் எழுதப்படவில்லை. வெள்ளிக்கிழமை பதுளையில் விசாரணை. அன்று புதன்.

"தூரத்துக்கு ஒரு அத்தாட்சி காட்டுங்க, வீடு உங்களுக்கு" என்று விசாரணை அதிகாரி சொல்லியிருந்தார்.

காவல்காரர் கந்தப்பன் அதிகாரியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பதிவறையின் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே வரவில்லை.

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு இருமல் வரும்மா" என்றார். ஆனால் அங்கிருந்த நேரம் முழுக்க அவர் ஒரு தரம்கூட இருமவில்லை.

அறையில் வௌவால் எச்சமும் நனைந்த கடதாசியும் கலந்த நெடி. மூன்றாவது அலுமாரியின் அடித்தட்டில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் அளந்தவர்கள் குறிப்பெழுதிய புத்தகமும், சிவப்புத் துணியால் கட்டிய இரும்புக் குச்சிகளும் இருந்தன.

"சங்கிலிக் குச்சி மிஸ்" என்றார் றொபின்சன். "அந்தக் காலத்துல நாடா ஏது? அறுபத்தாறு அடிச் சங்கிலி. முன்னுக்குப் போறவரு சங்கிலி முடியிற எடத்துல ஒரு குச்சி நடுவாரு. பின்னால வர்றவரு புடுங்கிக்கிட்டே வருவாரு. பத்துக் குச்சி இருக்கணும்."

எண்ணிப் பார்த்தார். ஒன்பது.

நிரஞ்சலா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். ஆங்கிலத்தில், சாய்வான அழகிய கையெழுத்து. மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள்.

"ஆறாம் கல்லிலிருந்து ஒன்பது சங்கிலி ஓடியது. ஒன்பது குச்சியும் கைக்கு வந்தன. ஏழாம் கல்லின் இடத்தைக் குறிக்க, பத்தாவதோடு முன்னே போகிறவன் மேலே போயிருக்கிறான். மூடுபனி."

அடுத்த வரி: "கூப்பிட்டோம். பதில் இல்லை. சங்கிலி விறைப்பாக இருக்கிறது."

அதற்கடுத்த வரியில் கையெழுத்து கோணியிருந்தது.

"நாலரை மணி. சங்கிலி இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. விட்டுவிட்டு இறங்கினோம்."

அதன் பிறகு வெறும் பக்கங்கள். முடிக்காத அளவு அத்தாட்சியாகாது; பத்தாவது குச்சி நட்ட இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

பெட்டியை எடுத்துப்போகக் கையெழுத்து வைத்து அவர்கள் வெளியே வந்தபோது கந்தப்பன் முற்றத்து வெயிலில் நின்றிருந்தார். "மேல போறதுன்னா மூணு மணிக்கு முந்தி எறங்கிருங்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

இறங்க முடியவில்லை. கானும் தேயிலைச் செடியும் தாண்டி, மேல் வரிசை வீடுகளின் பின்புறமாக அளந்து, ஒன்பதாவது சங்கிலியில் நின்றபோதே மூன்றாகிவிட்டது. அதற்கு மேலே ஆளுயர மானாப் புல். நாடாவின் வளையத்தைப் பிடித்துக்கொண்டு றொபின்சன் புல்லுக்குள் போனார். அவருக்குப் பின்னாலேயே பனி இறங்கியது. தன் கையைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கீழே எங்கோ கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

நாடா ஓடி, விறைத்தது. இரண்டு தரம் இழுபட்டது. வந்து நிற்கிறேன், அளவை எடு என்பதற்கு நாடா பிடிப்பவர்கள் காட்டும் அடையாளம் அது. அவள் குனிந்து பார்த்தாள். சரியாக அறுபத்தாறு அடி. கொப்பியில் எழுதினாள். எடுத்தாயிற்று என்பதற்குப் பழக்கப்படி ஒரு தரம் திருப்பி இழுத்துக் காட்டினாள்.

"மிஸ்."

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

றொபின்சன் முழங்காலில் இரத்தத்தோடு கீழ்ப்பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

"அங்க நெலம் இல்ல மிஸ், பள்ளம். வழுக்கிட்டேன். நாடாவ விட்டுட்டு சுத்திக்கிட்டு வர்றேன். எத்தன தரம் கத்துனேன், கேக்கலியா?"

அவள் தன் கையைப் பார்த்தாள்.

நாடா விறைப்பாகவே இருந்தது.

றொபின்சனும் பார்த்தார்.

பனிக்குள் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். நெடுநேரம் பாரம் சுமந்தவன் இறக்கி வைத்ததும் விடுவானே, அந்த மூச்சு. நாடா தளர்ந்து புல்லில் விழுந்தது.

ஓடத்தான் நினைத்தாள். கால் கீழே திரும்பிவிட்டது. ஆனால் பனியின் கீழ் ஓரத்தில் கடைசி வீட்டுக் கூரைத் தகரம் மங்கலாகத் தெரிந்தது. றொபின்சன் அவள் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொள்ள, தரையில் கிடந்த நாடாவைத் தடவித் தடவி மேலே ஊர்ந்தாள்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு குச்சி நட்டிருந்தது. சுற்றிலும் மண் புதிதாகக் கிளறியிருந்தது.

படம் எடுத்தாள். பக்கத்தில் ஒரு மரமுளை அடித்தாள்.

"அதப் புடுங்காதீங்க மிஸ்" என்று கிசுகிசுத்தார் றொபின்சன்.

"பதினாலு வீடுண்ணே."

பிடுங்கினாள். அந்தக் குளிரில் குச்சியின் பிடி மட்டும் இளஞ்சூடாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி பத்துக் குச்சிகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒரே பட்டறை வேலை. புத்தகத்தையும் படத்தையும் ஒப்பிட்டார். தூரம் பத்துச் சங்கிலி என்று பதிவாயிற்று. பதினான்கு வீடும் காணிக்குள். குச்சிகளை ஒரு பொதியில் போட்டுக் கட்டி, அரக்கு முத்திரை வைத்து அலுமாரியில் பூட்டினார்கள்.

மறுநாள் மடுல்சீமை பஸ்ஸில் றொபின்சன் ஒரு பகிடியும் விடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பசறை தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பத்தையும் திருப்பித் தருவாங்களா மிஸ்?"

"வழக்கு ஃபைல்ல போயிருச்சு. இனி எங்க? ஏண்ணே?"

"இல்ல... பத்தும் முடிஞ்சா முன்னுக்குப் போனவரு திரும்பி வருவாரு. பின்னால நின்னவர்கிட்ட பத்தையும் எண்ணி வாங்கிக்கிட்டுத்தான் மேற்கொண்டு அளக்கணும். அதான் முறை." அவள் பக்கம் திரும்பினார். "அளவு எடுத்தாச்சுன்னு நீங்க இழுத்துக் காட்டிட்டீங்க."

லயத்தில் பட்டாசு வெடித்தார்கள். கீழ் வரிசையில் றொபின்சனைப் பிடித்துத் தேத்தண்ணிக்கு உட்கார வைத்துவிட்டார்கள். நிரஞ்சலா தனியாக மேலே ஏறினாள். நல்ல வெயில். அம்மா வாசலுக்கு வந்து பையை வாங்கிக்கொண்டு, அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"அவரையும் உள்ள கூப்புடு புள்ள. வெளியவே நிக்கிறாரு."

"றொபின்சன் அண்ணன் கீழ நின்னுட்டாரும்மா."

"அவரத் தெரியாதா எனக்கு? இவரு வேற ஆளு. சாக்கப் போத்திக்கிட்டு, தொப்புத் தொப்புன்னு நனைஞ்சு. படியில உன் பின்னாலயே ஏறி வந்தாரே."

நிரஞ்சலா திரும்பவில்லை. கழுத்துக்குப் பின்னால் ஈரச் சாக்கின் வாடை.

"என்னாம்மா... கேக்குறாரு?"

"வாயத் தொறக்கல. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரு சாமான் எதுவும் உங்கிட்ட இருந்தா குடுத்து அனுப்பு புள்ள, பாவம்."

காய்ந்த சிமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. ஒரு சொட்டு. இன்னொன்று.

அடுத்த சொட்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் விழுந்தது.